குடம் வரிசையில் நிற்கும் ஊர்: கோவில்பட்டியில் எட்டு நாள், ஒரு நாடகம்

முதல் நாள், வியாழன்: பஸ் ஸ்டாண்ட்

நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியில் இறக்கிவிடும்போது டீக்கடைகளில் பாய்லர் மட்டும்தான் விழித்திருக்கும். குழுவில் 8 பேர். நடிகர்கள் 6, தாளத்துக்கு ஒருவர், இயக்குநர் ஒருவர். அடுத்த வியாழன் மாலை இதே ஊரில் 40 நிமிட நாடகம் போடவேண்டும். கையில் பிரதி இல்லை. பிரதியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தால் ஊர் கண்ணில் படாது. பிரதியில் இருக்கிற பாத்திரங்களுக்குச் சாயல் தேடித்தான் கண் அலையும்.

முதல் வேலை காலை 6 முதல் 8 வரை பஸ் ஸ்டாண்டில் உட்காருவது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் கண்ணில் மற்றவர் படாத தூரத்தில். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு மேலே நேரம், கை, சொல் என்று எழுதிக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் நோட்டைத் திறக்கக்கூடாது. புது முகத்தை ஊர் கொஞ்ச நேரம் பார்க்கும், பிறகு விட்டுவிடும். அதுவரை பொறுக்கவேண்டும். செல்போன் பையிலேயே இருக்கட்டும். போனைத் தூக்கினால் பூக்கார அம்மா சேலையைச் சரிசெய்வார், கண்டக்டர் குரலை மாற்றுவார். அதன்பின் கிடைப்பது போனுக்காக நடந்தது.

மூன்று பத்தியில் 'கை' என்பதுதான் உயிர். "வியாபாரி கவலையாக இருந்தார்" என்று எழுதினால் அதை வைத்து மேடையில் ஒன்றும் செய்யமுடியாது. "சில்லறையை எண்ணி முடித்து, மறுபடி முதல் நாணயத்திலிருந்து எண்ணினார்" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் செய்துகாட்டலாம், கவலை தானாக வந்துவிடும். இன்றைய நோட்டுகளில் இருந்த நல்ல வரி பூக்காரரைப் பற்றியது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்து முழம் போடுகிறார். தெரிந்த முகம் என்றால் நாரை அறுக்கும் இடம் விரல் நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடை தள்ளிப் போகிறது. பேச்சில் எந்த வேறுபாடும் இல்லை. உறவு முழுக்க அந்த இரண்டு விரற்கடைக்குள் இருக்கிறது.

தாளக்காரருக்குத் தனி வேலை. கண்டக்டரின் ஒரு விசிலுக்கு வண்டி நிற்கிறது, இரண்டு விசிலுக்குக் கிளம்புகிறது. "எட்டயபுரம் எட்டயபுரம்" என்று கூவும்போது மூச்சு எங்கே முறிகிறது, எந்த எழுத்து நீள்கிறது என்று காதால் பிடிக்கவேண்டும். காட்சி மாற்றத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது என்று இன்றே முடிவாயிற்று. ஒரு விசிலுக்கு எல்லோரும் உறைவார்கள், இரண்டு விசிலுக்கு அடுத்த காட்சி.

இரவு எல்லா நோட்டையும் சத்தமாகப் படித்தோம். வரிகள் நூறுக்கு மேல், எடுத்துக்கொண்டவை 14. ஒரு வரியைக் காதால் மட்டும் கேட்ட இன்னொரு நடிகர் எழுந்து செய்துகாட்ட முடிந்தால் அது உள்ளே. விளக்கம் கேட்டால் வெளியே.

இரண்டாம் நாள், வெள்ளி: தீப்பெட்டி ஆபீஸ்

இந்தப் பக்கத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். கரிசல் மண், மானம் பார்த்த விவசாயம், காற்றில் ஈரம் குறைவு. குச்சியும் மருந்தும் காய இதைவிட நல்ல பூமி கிடையாது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று இந்தத் தொழில் பரவியதற்கு அதுதான் காரணம். இப்போது பெரும்பாலும் மிஷின் வந்துவிட்டது. கையால் செய்கிற வேலை மிஞ்சியிருக்கும் இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்.

உள்ளே போக உரிமையாளரிடம் முந்தின நாளே அனுமதி கேட்டாக வேண்டும். மருந்து இருக்கும் பக்கம் எட்டியும் பார்க்கக்கூடாது. பெட்டி அடைக்கும் கொட்டகையில் ஓர் ஓரமாக 40 நிமிடம் உட்கார இடம் கிடைத்தது. அதுவே போதும்.

பெட்டி அடைப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கிறது. குவியலிலிருந்து வலது கை ஒரு பிடி குச்சியை எடுக்கிறது. தலைகள் எல்லாம் ஒரே பக்கம். கட்டைவிரல் அந்தப் பிடியை மெல்ல அழுத்திப் பார்க்கிறது. மிகுதி இருந்தால் இரண்டு மூன்று குச்சி தானாக நழுவி விழுகிறது. இடது கையில் உள்பெட்டி ஏற்கெனவே திறந்திருக்கிறது. குச்சி உள்ளே போனதும் ஆள்காட்டி விரல் ஒருமுறை நீவிவிட்டு, மேல்பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. எண்ணுவது என்ற பேச்சே இல்லை, பிடிதான் அளவு. கண் பெட்டியில் இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு மகளின் கல்யாணச் செலவைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நடிகர்கள் இதில் வழக்கமாகச் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, குச்சியை எண்ணுவதுபோல நடிப்பது. இரண்டாவது, வேலை கடினம் என்று காட்ட முகத்தைச் சுளிப்பது. அங்கே முகம் வேலை செய்வதே இல்லை. கையை 15 நிமிடம் பழக்கிவிட்டு, வாயால் வேறு கதை பேச வைத்தால் காட்சி நிற்கிறது. பயிற்சிக்கு மருந்து வைத்த குச்சி வேண்டாம். பலசரக்குக் கடையில் தீப்பெட்டி பண்டலாக வாங்கலாம், ஆனால் அரங்கில் பிடிப்பிடியாகத் தீக்குச்சி புழங்கும்போது ஓர் உரசல் போதும். மருந்து வைக்காத வெறுங்குச்சி கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஈர்க்குச்சியை அதே அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம். காலிப் பெட்டி ஆளுக்கு 30 வேண்டும். அடுக்கு உயர உயரப் பார்ப்பவருக்குப் பொழுது போவது தெரியும்.

ஒரு தகவல் நாடகத்துக்குள் வரவேண்டும் என்று எல்லோருக்கும் பட்டது. தீப்பெட்டி விலை 2007இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆனது. 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பரில்தான். நடுவில் 14 வருஷம். அந்த 14 வருஷத்தில் டீ விலை, பஸ் டிக்கெட், வீட்டு வாடகை என்ன ஆயின என்பதைக் கோரஸ் அடுக்கிச் சொல்லும், தீப்பெட்டி மட்டும் "ஒரு ரூவா" என்றே நிற்கும். இந்தக் கோரஸுக்கு 90 வினாடிக்கு மேல் கொடுக்கக்கூடாது. நீண்டால் அது கட்டுரை ஆகிவிடும்.

மூன்றாம் நாள், சனி: எட்டயபுரம் ஆட்டுச் சந்தை

எட்டயபுரம் போகிறவர்கள் பாரதி பிறந்த வீட்டுக்குப் போவார்கள், போகவும் வேண்டும். நாடகத்துக்கு வேண்டியது சனிக்கிழமைச் சந்தை. கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்து இருட்டிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறியபின் போனால் வெறும் புழுக்கைதான் இருக்கும்.

இங்கே வாயால் பேரம் பேசுகிறவர்கள்தான் அதிகம். பழைய மாட்டுத் தரகர்களிடம் உள்ள துண்டுப் பேரத்தை வயதான ஒருவர் செய்துகாட்டினார். இருவர் கையின் மேல் துண்டு விழுகிறது. உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிறார்கள். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்பது தரகருக்குத் தரகர், சந்தைக்குச் சந்தை மாறும். வெளியே இருவரும் வானத்தைப் பார்க்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் துண்டையே பார்க்கிறது.

மேடைக்காகவே யாரோ செய்துவைத்ததுபோல் இருக்கிறது இது. ஆனால் நடிகர்கள் கையில் கொடுத்ததும் கெட்டுவிடுகிறது. உள்ளே ஒன்றும் நடக்காததால் புருவம் நடிக்க ஆரம்பிக்கிறது. இதற்கு மருந்து, துண்டுக்குள் உண்மையாகவே பேரம் நடக்கவேண்டும். விற்பவரிடம் ஒரு சீட்டில் "இதற்குக் கீழே கிடையாது" என்று ஒரு தொகை, வாங்குபவரிடம் "இதற்கு மேலே கிடையாது" என்று ஒரு தொகை. ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு ஒத்திகைக்கும், ஒவ்வொரு காட்சிக்கும் தொகை மாறும். விரல்கள் உண்மையான எண்ணைப் பேசினால் முகம் தன்னால் அமைதியாகும், முழங்கை மட்டும் லேசாக இழுபடும், கூட்டம் அந்த முழங்கையைப் படிக்கத் தொடங்கும். சில நாள் வியாபாரம் படியாது. படியாத நாளுக்கும் ஒரு முடிவு வைத்திருக்க வேண்டும்: துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவது. மொத்தம் 3 நிமிடம், வசனம் இல்லை.

ஆட்டைக் கொண்டுவரவும் கூடாது, ஆளை ஆடாக நடிக்க வைக்கவும் கூடாது. முன்னது ஆட்டுக்குத் துன்பம், பின்னதில் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும். 6 அடிக் கயிறு போதும். ஒரு முனை விற்பவர் கையில், மறுமுனையை வட்டத்துக்கு வெளியே பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்த நடிகர் பிடித்து அவ்வப்போது சுண்டவேண்டும். கயிறு விறைக்கிற விறைப்பில் ஆடு தெரியும்.

நான்காம் நாள், ஞாயிறு

கழிக்கிற நாள். சேர்த்த 31 செயல்களில் 12 போதும். முதலில் போனது கொத்துப் பரோட்டா. சிறு ஊர் நாடகம் என்றால் எல்லாக் குழுவும் அந்தத் தாளத்தை எடுத்துவிடுகிறது. கைதட்டல் நிச்சயம், ஆனால் அடுத்து வரும் மெதுவான காட்சியை அது கொன்றுவிடும்.

அடுத்து, ஆளை அடையாளம் காட்டும் எதுவும். இந்த ஊரிலேயே போடப்போகிறோம். ஒரு மனிதரின் தொழில், உடை, வாய்ச்சொல் மூன்றில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் மாறவேண்டும். சாதியைக் காட்டும் பெயர், பட்டம், உறவுமுறை எல்லாவற்றையும் ஒருமுறை தனியாகப் படித்துப் பார்க்கவேண்டும். சிரிப்புக்காக ஒருவர் பேச்சை இழுத்துப் பேசுவது அங்கே உட்கார்ந்திருக்கும் அவர் பேத்திக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்தால் பாதி வசனம் தானாக உதிர்ந்துவிடும்.

ஐந்தாம் நாள், திங்கள்: பாகு

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். கரிசல் மண் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று காரணம் சொல்வார்கள். எங்களுக்கு வேண்டியது அதில் உள்ள நேரம். வெல்லப் பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உடைத்தால் 'டக்' என்று முறிகிற பதம் வந்ததும், வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைக் கொட்டிக் கிளறுகிறார்கள். பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து, மேலே சாயமிட்ட தேங்காய்த் துருவலைத் தூவி, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி கோட்டில் போகாது, உடைந்து தூளாகும். அந்தச் சில நிமிடங்களுக்கு யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெட்டி முடித்ததும் எல்லோர் தோளும் ஒன்றாக இறங்குகிறது.

இந்தக் 'கொதி, கொட்டு, ஆறுமுன் வெட்டு' என்பதையே நாடகத்தின் நடுக்காட்சிக்கு அமைப்பாக எடுத்தோம். ஒரு வீட்டுச் சண்டை. அண்ணன், தம்பி, அண்ணி மூவரும் மிட்டாய்ப் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு. பாகு கொட்டியதிலிருந்து கடைசி வெட்டுவரைதான் பேசலாம். வசனம் எழுதும்போது ஒருவர் கடிகாரம் பிடித்தார்: 4 நிமிடம். முதலில் எழுதியது 7 நிமிடம் ஓடியது. தம்பி தன் நியாயத்தை மூன்றுமுறை சொல்வதால் அந்த நீளம். இரண்டை எடுத்ததும் சரியாக வந்தது. மேடையில் பாகு, அடுப்பு எதுவும் இல்லை. 3 அடிக்கு 2 அடிப் பலகை, மர உருளை, ஓர் அடிக்கோல். உருளை பலகையில் உரசும் சத்தமே போதும்.

மாலை 12 செயல்களையும் வரிசைப்படுத்தினோம். ஒவ்வொன்றும் ஒரு துண்டுச் சீட்டில், தரையில் பரப்பி. கதை வரிசைப்படி அடுக்கினால் சப்பென்று இருக்கும். வேகம் பார்த்து அடுக்கவேண்டும்: நின்று செய்வது, உட்கார்ந்து செய்வது, கூட்டமாக, தனியாக, சத்தம், மௌனம். ஒரே வகை இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒன்றைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஆறாம் நாள், செவ்வாய்: தண்ணீரும் இடமும்

தாமிரபரணித் தண்ணீர் கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. வருகிற நாளுக்காகத் தெரு காத்திருக்கிறது. அதிகாலை 5 மணிக்குத் தெருக்குழாய்க்கு முன் ஆள் யாரும் இல்லை, 23 குடங்கள் வரிசையில் நிற்கின்றன. பச்சை, ஊதா, சிவப்பு. ஒன்றின் கழுத்தில் நூல் கட்டியிருக்கிறது, ஒன்றில் பெயின்ட்டால் எழுத்து. ஆள் வீட்டில் தூங்கலாம், குடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளும். யாரோ ஒரு குடத்தை அரை அடி முன்னால் நகர்த்திவைத்தால் அது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. நாடகத்தின் தொடக்கம் கிடைத்துவிட்டது: விளக்கு வரும்போது வட்டத்தில் ஆள் இல்லை, 9 குடங்கள் மட்டும்.

காலிக் குடத்தைத் தூக்கினால் காலி என்று கடைசி வரிசைக்கும் தெரியும். நிறைகுடம் இடுப்பில் ஏறினால் எதிர்ப்பக்கத் தோள் சாயும், எதிர்க் கை தானாக விரியும், அடி குறுகும். இதைச் சொல்லித்தர முடியாது. முக்கால் குடம் தண்ணீரோடு 20 நிமிடம் நடக்கவிட வேண்டும். நிகழ்ச்சியன்று ஒவ்வொன்றிலும் 3 லிட்டர் போதும், உடம்பு மீதியை நினைவில் வைத்திருக்கும், தளும்பும் சத்தமும் கிடைக்கும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் மூடியுள்ள குடம் நல்லது. கடைசிக் காட்சியில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் தட்டினால் கனமான அடிநாதம் வரும். வில்லுப்பாட்டில் மண்குடம் செய்கிற வேலையை பிளாஸ்டிக் குடமும் ஓரளவு செய்கிறது. வில்லையே கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. முறையாகப் பயின்றவர் இல்லாமல் வில்லைத் தொடுவது சரியல்ல. பின்பாட்டுக்காரரின் "ஆமா" மட்டும் கடனாக எடுத்தோம்.

இடத்துக்கு ஒரு தெருமுனைத் திடல். சாலைக்குப் பார்வையாளர் முதுகு இருக்கவேண்டும், நடிகர் முதுகு சாலைக்கு இருந்தால் ஹாரன் சத்தம் வசனத்தை விழுங்கும். 18 அடி விட்டத்தில் கோலப்பொடியால் வட்டம். தரையில் உட்கார 3 வரிசை, பின்னால் நிற்பவர்கள். நிற்பவர்களுக்குத் தரையில் உட்கார்ந்து செய்கிற காட்சி தெரியாது, ஆகவே அப்படிப்பட்ட எதுவும் 2 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தீப்பெட்டி அடைப்பதை முக்காலிமேல் ஏற்றிவிட்டோம். வட்டத்தில் 40 வினாடிக்கு ஒருமுறையாவது நடிகர் கால்வட்டம் திரும்பவேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு முதுகுதான் நாடகம்.

முன்பெல்லாம் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதியைக் காவல்துறைக்குக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் பொது இடம் என்பதால் காவல் நிலையத்துக்கும் நகராட்சிக்கும் இடம், நாள், நேரம், பொறுப்பாளர் விவரத்தோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் கிடையாது. நாங்கள் மைக் வைக்கவில்லை. 200 பேருக்குத் தொண்டை போதும், வட்டம் சிறியதாக இருந்தால்.

ஏழாம் நாள், புதன்: திருத்தம்

முழு ஒத்திகையை முதலில் பார்க்கவேண்டியவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து 4 அக்காமார் மாலை வந்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, "எங்கே தப்போ அங்கே கையைத் தூக்குங்க" என்று மட்டும் சொல்லிவைத்தோம். "எப்படி இருந்தது" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்றுதான் வரும்.

மூன்றாம் நிமிடத்தில் ஒரு கை. "தம்பி, குச்சிய இப்பிடித் தட்டக்கூடாது. மருந்துத் தலை ஒண்ணோட ஒண்ணு உரசுனா குப்புனு பிடிச்சிரும். நீவித்தான் விடணும்." நடிகர் தாளத்துக்காகத் தட்டியிருந்தார். தட்டலை எடுத்ததும் காட்சியில் சத்தம் போய்விட்டது, அதற்குப் பதில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அது முன்பைவிட நல்ல காட்சி. இன்னொருவர், "பேசிக்கிட்டே அடைக்கோம், சரி. மேஸ்திரி வந்தா பேச்சு நிக்கும்லா, கை நிக்காது" என்றார். அந்த ஒரு வரி முழு இடைவெளியாக நாடகத்துக்குள் போனது: யாரும் வராமலே, ஒரு செருப்புச் சத்தத்துக்கு ஆறு பேர் பேச்சு நிற்கிறது, 12 கைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

எட்டாம் நாள், வியாழன்: நாடகம்

நேரம் மாலை 6.45. வேலை விட்டு வந்து, உலை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும் நேரம். 8 மணிக்கு மேல் டிவி இழுத்துக்கொள்ளும். விளக்குக்கு சவுண்டு சர்வீசில் 50 வாட் எல்.இ.டி. 4 வாடகைக்கு. 9 அடி மூங்கில் நாலு மூலையிலும், சற்றே கீழ்நோக்கி. நேராக வைத்தால் எதிர்வரிசைக்குக் கண் கூசும். வயர் நடமாட்டத்தில் குறுக்கே போகாமல் பின்பக்கமாகச் சுற்றி, மூட்டுகளில் டேப்.

5 மணிக்கே குழந்தைகள் வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். விரட்டக்கூடாது. குடங்களை வரிசையில் அடுக்கும் வேலையை அவர்களிடமே கொடுத்தால், பிறகு வேறு யாரும் வட்டத்தை மிதிக்காமல் அவர்களே காவல் இருப்பார்கள். குடித்துவிட்டு ஒருவர் உள்ளே வருவார், எல்லா ஊரிலும் வருவார். ஒரு நடிகர் தோளில் கைபோட்டு, "அண்ணாச்சி, வரிசையில இது உங்க குடம்" என்று ஓரத்தில் உட்காரவைக்க வேண்டும். இன்று வந்தவர் கடைசிவரை அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தார்.

ஓடிய நேரம் 43 நிமிடம். துண்டுப் பேரம் இன்று படியவில்லை. துண்டை உதறியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "முன்னூறுதானய்யா வித்தியாசம், முடிச்சு விடுங்க" என்றார். முழங்கையைச் சரியாகவே படித்திருக்கிறார். குடத்தை அரை அடி நகர்த்தும் இடத்தில் பெண்கள் பக்கம் பெரிய சிரிப்பு, ஆண்கள் பக்கம் ஒன்றுமில்லை. மிட்டாய்க் காட்சியில் அண்ணியின் கடைசி இரண்டு வாக்கியங்கள் வடக்குப் பக்கம் கேட்கவில்லை, கடைசி வெட்டுக்கு முன்பே அவர் திரும்பிவிட்டார்.

நாளை மாலை கழுகுமலை. அங்கே திடல் சரிவாக இருப்பதால் குடங்களுக்கு அடியில் துணிச்சுருணை வேண்டும். பலகையைக் கிழக்கு மேற்காகப் போடவேண்டும். ஈர்க்குச்சி இரண்டு கட்டு குறைகிறது, காலையில் பஸ் ஏறும் முன் நறுக்கிவிட வேண்டும்.